யார் சொல்லி நம்பினோம்?

சென்ற இதழில் வாசகர்களிடம் ஒன்று கேட்டிருந்தேன். உங்களுக்குள் ஊறிப்போன நம்பிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை முதன்முதலில் யார் சொல்லக் கேட்டீர்கள், அப்போது உங்களுக்கு என்ன வயது என்று யோசித்து எழுதுங்கள் என்று. கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன. 34 வருடம் அரசுப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். வந்த கடிதங்களில் சில, நான் பள்ளியில் இருந்தபோதே என்னிடம் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அவற்றைத்தான் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: 2025 செப்டம்பர் 7 இரவு சந்திர கிரகணம். என் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். அம்மா ஜன்னல்களை எல்லாம் சாத்தி, கை காலை அசைக்காமல் படுக்கச் சொன்னார். கத்தி கித்தி தொட்டால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்றார். நான் பொறியியல் படித்தவன். ஆனாலும் நடுராத்திரியில் நானே எழுந்துபோய் ஜன்னல் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். படித்தும் ஏன் இந்தப் பயம் போகவில்லை டீச்சர்? (வாசகர், திருப்பூர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

1955 ஜூன் 20 அன்று ஒரு சூரிய கிரகணம். இலங்கையில் முழுதாக இருட்டிவிட்டது. எங்கள் கரூர்ப் பக்கம் சூரியன் பாதிக்கு மேல் மறைந்ததாம். அம்மாவுக்கு அது தலைச்சன், ஐந்தாவது மாதம். அன்று காலையில் அரிவாள்மனையில் உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்திருக்கிறார். அக்டோபர் கடைசியில் ஆண் குழந்தை பிறந்தது. உதடும் மேல்வாயும் பிளந்திருந்தன. பால் உறிஞ்ச முடியாமல் 11 நாளில் போய்விட்டது. "கிரகணத்தன்னிக்கு அரிவாள்மனையில உக்காந்தியே" என்று அப்பத்தா ஒரே ஒரு தடவை சொன்னாராம். அப்புறம் சொல்லவே இல்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

எனக்கு அப்படி ஒரு அண்ணன் இருந்ததே 1980 பிப்ரவரி 16 அன்றுதான் தெரியும். அன்றும் சூரிய கிரகணம். கர்நாடகம், ஆந்திரம் வழியாக முழு கிரகணம் போனது. எங்களுக்குப் பகுதிதான், ஆனால் பிற்பகலில் தெருவில் ஒரு ஆள் இல்லை. அம்மா கதவைச் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்துகொண்டு இதை எல்லாம் சொன்னார். நான் விலங்கியலில் பட்டம் வாங்கி, பி.எட். படித்துக்கொண்டிருந்த நேரம். மறுநாள் என் பழைய கருவியல் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினேன். கரு உண்டான ஏழாவது வாரம் வாக்கில் மேலுதடு இரண்டு பக்கமும் வந்து கூடிவிடும். மேல்வாய் பன்னிரண்டாவது வாரத்துக்குள் கூடிவிடும். ஐப்பசியில் பிறந்த என் அண்ணன் தை மாதக் கடைசியில் உண்டாகியிருக்க வேண்டும். அப்படியென்றால் பங்குனியிலேயே உதடு முடிவாகிவிட்டது. சித்திரையோடு மேல்வாயும் முடிந்தது. கிரகணம் வந்தது ஆனியில்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அப்பத்தா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே" என்றார். 25 வருடமாக அந்தக் குழந்தையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டு, எனக்கும் என் தம்பிக்கும் சோறு போட்டு வளர்த்திருக்கிறார்.

உங்கள் மனைவிக்கு ஐந்து மாதம் என்கிறீர்கள். குழந்தையின் உதடு கூடி எத்தனையோ வாரம் ஆகிவிட்டது. நிம்மதியாக இருங்கள். அப்படியே ஒரு குழந்தை பிளவோடு பிறந்தாலும், இன்று மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் உதட்டைத் தைத்துச் சரிசெய்துவிடுகிறார்கள். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் யாரும் பார்க்கலாம். சூரிய கிரகணத்துக்குத்தான் அதற்கென்று உள்ள கண்ணாடி வேண்டும், அது கர்ப்பிணிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றுபோலத்தான்.

கிரகணத்தன்று தாம்பாளத் தண்ணீரில் உலக்கை தானாக நிற்கும் என்று உங்கள் வீட்டிலும் வைத்திருப்பார்கள். நான் அதை வகுப்பறையில், கிரகணமே இல்லாத ஒரு புதன்கிழமை நிறுத்திக் காட்டியிருக்கிறேன். பூண் தேயாமல் அடி தட்டையாக இருந்தால் என்றைக்கும் நிற்கும்.

பயம் ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். பாடம் உங்களுக்குக் கல்லூரியில் வந்தது. பயம் அம்மாவின் குரலில், நீங்கள் பேசப் பழகும் முன்பே வந்திருக்கும். அம்மாவோடு வாதாடாதீர்கள். "யாருக்கும்மா அப்படி ஆச்சு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு பதில் இருக்கும். ஒரு குழந்தையின் பெயர் இருக்கும்.

கேள்வி: ராகு காலம் பார்க்காமல் என்னால் ஒரு கையெழுத்துக்கூடப் போட முடிவதில்லை. எப்போது பிடித்துக்கொண்டது என்றே தெரியவில்லை. (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். மளிகைக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர். அப்பா காலையில் தாளைக் கிழித்ததும் அதைத்தான் முதலில் உரக்கப் படிப்பார். "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்ற வரியை ஆறு வயதில் சொல்லிக்கொடுத்தார். திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்று வரிசை வரும், ஏழரையில் தொடங்கி ஒன்றரை ஒன்றரை மணி கூட்டிக்கொண்டே போகலாம். பகலை எட்டுப் பங்காக்கி அதில் ஒரு பங்கைத் தள்ளிவைக்கும் கணக்கு இது. ஆகவே பகலில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய எட்டில் ஒன்று ராகு காலத்தில்தான் பிறக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பிறந்த கிழமையையும் நேரத்தையும் எடுத்துப் பாருங்கள் ஐயா. யாராவது ஒருவர் மாட்டுவார். அவரை நினைத்துக்கொண்டு அடுத்த கையெழுத்தைப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே சாமி கும்பிடுவதில்லை. தாத்தாவும் பாட்டியும் 1964இல் ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்கள். எனக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் குழம்பிவிட்டேன். இதுவும் வீட்டிலிருந்து வந்ததுதானே? அப்படியானால் இது என்னுடையதா? (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: நல்ல கேள்வி கண்ணு. ஒரு எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் அது பொய்யாகிவிடாது. பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு அடியும் உதையுமாகத்தான் வந்தது. இருந்தாலும் எட்டுப் பதினாறு நூற்று இருபத்தெட்டுதான்.

உங்கள் தாத்தா பாட்டியின் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது. 1967இல் அண்ணா முதலமைச்சரான பிறகுதான் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது, அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்று ஆனது. இடையில் அந்தச் சில வருடம் உங்கள் பாட்டி ஊரில் என்னென்ன பேச்சுக் கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் தங்கள் வீட்டில் இருந்த ஒன்றைச் சோதித்துப் பார்த்து, வேண்டாம் என்று வெளியே வந்தவர்கள். உங்களுக்கு அந்த வேலை இல்லாமல் போய்விட்டது.

அதனால் இரண்டு வேலையைத் தனித்தனியாகச் செய்யுங்கள். யாரிடமிருந்து வந்தது என்று பார்ப்பது ஒன்று. அதை மாற்றிக்கொண்டால் யார் முகம் வாடும் என்று அதில் தெரியும். சரியா தப்பா என்று பார்ப்பது வேறு. அதற்குத் தாத்தாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டு, உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் போய்ப் பொறுமையாகக் கேளுங்கள். பாட்டி இருக்கிறார் என்றால் முதலில் அவரிடம் போங்கள், தாத்தா சொன்னதற்காக வந்தாரா, தானாக வந்தாரா என்று. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. எழுதுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. படிக்க உட்கார வைத்தால் அடிதடிதான். "அடிச்சு வளர்த்ததாலதான் நான் இன்னிக்கு நல்லா இருக்கேன்" என்று நான் மனதார நம்புகிறேன். ஆனால் போன வாரம் நான் தண்ணீர் பாட்டில் எடுக்கக் கையை ஓங்கியதும் அவன் தலையைக் கையால் மூடிக்கொண்டான். அன்றிலிருந்து தூக்கம் வரவில்லை. (இளம் தாய், நாமக்கல்)

பதில்: இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் நானும் அடித்தவள்.

1981இல் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வகுப்பில் 60 பிள்ளைகளுக்கு மேல். மேஜையில் சாக்பீஸ் டப்பா, டஸ்டர், பிரம்பு மூன்றும் இருக்கும். பிரம்பு உடைந்தால் பிள்ளைகளே புளியம் விளார் வெட்டிக் கொண்டுவந்து தருவார்கள். பெற்றவர்கள் வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று கைகூப்பிவிட்டுப் போவார்கள். அதை நான் அவர்கள் என்மேல் வைத்திருக்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

என் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் தேடிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு. வாய்ப்பாடு தப்பினால் விரல் மொட்டியில் அடிப்பார் வாத்தியார். நான் அடி வாங்கினேன், முதல் மார்க்கும் வாங்கினேன். அடியால்தான் மார்க் வந்தது என்று அந்த வயதில் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். என் பக்கத்தில் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அதே வாத்தியார், அதே பிரம்பு, அதே அடி. அவள் ஆறாம் வகுப்புக்கு வரவில்லை. ஆடு மேய்க்கப் போய்விட்டாள். "அடி வாங்கித்தான் உருப்பட்டேன்" என்று சொல்ல இன்று நீங்களும் நானும் இருக்கிறோம். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பாள்.

என் வகுப்பில் ஒரு பையன் இடது கையால் எழுதுவான். "பீச்சாங்கையில எழுதாதே" என்று சொல்லிச் சொல்லி, இடது கை விரலிலேயே அடித்தேன். பத்துப் பேரில் ஒருவருக்கு இடது கைப் பழக்கம் பிறவியிலேயே அமைகிறது, அது கெட்ட பழக்கம் இல்லை என்று என் பாடத்தைப் படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே அடித்தேன். ஒரு வருடத்தில் வலது கையால் எழுத ஆரம்பித்தான், கோணல்மாணலாக. திருத்திவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளை உடலாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. பிரம்பைக் கீழே வைத்தது அதற்காகத்தான், மனம் மாறி வைக்கவில்லை. அந்த முதல் ஆறு மாதம் எனக்கு வகுப்பில் கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. சத்தம் கூடும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கும், கண் வராந்தாவுக்குப் போகும். அப்போதுதான் பிடிபட்டது. பிள்ளைகள் திருந்துவதற்காக அடிக்கிறேன் என்று 29 வருடம் நம்பியிருந்தேன். உண்மையில் வராந்தாவில் தலைமை ஆசிரியர் நடந்து வரும்போது என் வகுப்பில் சத்தம் கேட்கக் கூடாது என்ற பயத்தில்தான் கை ஓங்கியிருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை பக்கம் போய்க்கொண்டிருந்தேன். கரூரில் அந்தத் தொழில் ஜாஸ்தி. வாசலில் நான்கைந்து பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் இடது கையில் கிளாஸைப் பிடித்திருந்தான், முன்முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் "டீச்சர்!" என்று முகம் மலர்ந்தது. அதே நொடியில் கிளாஸ் வலது கைக்கு மாறிவிட்டது. அவனுக்கே தெரியாமல் மாறியது. நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. "நீங்க அடிக்கலைன்னா நான் எழுதப் படிக்கவே கத்திருக்க மாட்டேன் டீச்சர்" என்றான்.

நீங்கள் நம்புவதும் அதைத்தானே கண்ணு. அவனுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தவள் நான்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், செய்து பாருங்கள். அடுத்த முறை கை ஓங்கும்போது, அந்த நேரத்தில் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டுப் பையன் முந்திவிடுவான், டியூஷனில் திட்டுவார்கள், எதுவானாலும். அப்புறம் மகனை மடியில் வைத்து, "அம்மா அடிச்சது தப்பு" என்று சொல்லுங்கள். நான் 50 வயதுக்காரனிடம் சொன்னேன், நேரம் கடந்துவிட்டது. உங்கள் பையனுக்கு ஏழுதான் ஆகிறது.

கேள்வி: 2006இல் அண்ணன் கேட்டார் என்று பத்திரப்பதிவு அலுவலகத்தில், பிறந்த வீட்டுச் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறந்த வீட்டில் பங்கு கேட்கிற பெண் விளங்க மாட்டாள் என்பது என் நம்பிக்கை. இப்போது என் மகள், "யாரும்மா உனக்கு இதைச் சொன்னது?" என்று கேட்கிறாள். பதில் தெரியவில்லை. (பெயர் வேண்டாம் என்ற வாசகி, திண்டுக்கல்)

பதில்: தங்கச்சி, இதை யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. உங்கள் பிள்ளைக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைத்தீர்கள்? தாய்மாமன் மடியில். சீர்த்தட்டு யார் வீட்டிலிருந்து வந்தது? மகள் சடங்குக்குக் குச்சு கட்டியது யார்? அண்ணன் இல்லாவிட்டால் அந்த மடி இல்லை என்ற பயம் ஒவ்வொரு விசேஷத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. அந்தப் பாசம் பொய் இல்லை. ஆனால் சீர் வேண்டுமானால் சொத்தைக் கேட்காதே என்று இரண்டையும் சேர்த்துக் கட்டியது யார் என்று பாருங்கள். சீர்த்தட்டில் வருவதும் நிலத்தில் ஒரு பங்கும் ஒன்றாகாது.

சட்டம் எப்போதோ மாறிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே வந்தது. ஆனால் அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது என்று வைத்துவிட்டார்கள். 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்தபோது அந்தத் தடை போனது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இது மகளுக்குப் பிறப்பிலேயே வரும் உரிமை, 2005இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை என்று சொல்லிவிட்டது. நீங்கள் கையெழுத்துப் போட்டது 2006. உரிமை கைக்கு வந்த மறுவருடமே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அண்ணனுக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்கலாம். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

போட்ட கையெழுத்தை இனி என்ன செய்ய முடியும் என்பதை வக்கீல்தான் பத்திரத்தைப் படித்துவிட்டுச் சொல்ல வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக உதவுவார்கள். வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மகளிடம் மட்டும் "சாமி குத்தம்" என்று சொல்லிவிடாதீர்கள். "அண்ணன் வராமல் போய்விடுவாரோ என்று பயந்தேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லோரையும் கேட்கிறீர்கள் டீச்சர். உங்களிடம் சோதித்துப் பார்க்காத நம்பிக்கை எதுவும் மிச்சம் இல்லையா? (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: இருக்கிறது. ஆறு மாதம் முன்புதான் கண்டுபிடித்தேன்.

தம்பி மகள் என் வீட்டில் வளர்ந்த பெண், பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போனில் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். நல்லவன், கூட வேலை செய்கிறான், அத்தையிடம்தான் முதலில் சொல்கிறேன் என்றாள். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அவங்க என்ன ஆளுங்க?" மறுமுனையில் சத்தமே இல்லை.

சாதி பார்க்காதவள் என்று என்னை நான் உறுதியாக நம்பியிருந்தேன். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் கலந்துதான் உட்கார வைத்தேன், எல்லோர் வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறேன். பிறகு இந்தக் கேள்வி எங்கே இருந்தது? பல நாள் யோசித்தேன். யாரும் எனக்கு எதுவும் சொன்னதாக ஞாபகமே வரவில்லை. ஞாபகம் வந்தது அப்பத்தாவின் கைதான்.

1965, எனக்கு எட்டு வயது. வேலிக்கு அந்தப் பக்கம் களை எடுக்க வந்த அம்மா ஒருவர் தண்ணீர் கேட்டார். அப்பத்தா செம்பைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றினார். கீழே அந்த அம்மா இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக் குடித்தார், பாதித் தண்ணீர் முழங்கை வழியாகப் புழுதியில் வழிந்தது. தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து அப்போது 10 வருடம் ஆகியிருந்தது. இன்னொரு நாள் அப்பத்தா வீட்டில் இல்லை. அந்த அம்மா வந்தார். நான் செம்பை எடுத்துப் போனேன். யாரும் சொல்லவில்லை, நானும் உயரத் தூக்கித்தான் ஊற்றினேன். கை வலித்ததால் திண்ணைமேல் ஏறி நின்று ஊற்றினேன். அந்த அம்மா குடித்து முடித்து, "நல்லா இரு சாமி" என்றார்.

தம்பி மகளிடம் திருப்பிக் கூப்பிட்டுப் பேசினேன். இந்தச் செம்புக் கதையை முழுக்கச் சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். அந்தப் பையன் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறான். கோழி பிடிக்குமாம். அவர்கள் என்ன ஆளுங்க என்று எனக்கு இன்னும் தெரியாது.